முப்பது நாள், ஐந்து பிரதி

பிறந்த தேதி 1980 ஜூன் 11. பணியில் சேர்ந்த நாள் 2007 செப்டம்பர் 3, திங்கட்கிழமை. பணியிடம், கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கும் இருபத்திரண்டு பேர் கொண்ட அலுவலகத்தின் இரண்டாம் தளம். பொறுப்பு, கோப்புக் காப்பாளர். முதல் பத்தாண்டுகள் இரும்பு அலமாரிகளும் சுருட்டிய தாள்களும்; அதன்பின் எல்லாம் கிளவுடில். திருமணம் ஆகவில்லை. தந்தை கட்டிய வீட்டின் மாடியில் அவர். கீழ்த்தளத்தில் தங்கையும் தங்கையின் கணவரும். பதினாறு ஆண்டுகளில் எடுத்த விடுப்பு முப்பத்தொரு நாட்கள். அலுவலகத்தில் அந்தப் பெண்மணிக்கு வழங்கிய பெயர் ‘முப்பது’.

புதிதாகச் சேர்கிறவர்கள் அதை வயது என்று எடுத்துக்கொண்டு, ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே என்று விழிப்பார்கள். வயது அதைத் தாண்டிப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பெயர் ஒரு விதியால் வந்தது.

கிளவுடில் ஒரு கோப்பைச் சேமித்தால் பழையது அழிவதில்லை. புதிய பிரதி மேலே ஏறி உட்காரும். பழையது அதன் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நூறு முறை சேமித்தால் நூறு பிரதிகள், சலவைக்குப் போட்ட துணி போல ஒன்றின்மேல் ஒன்றாக. 2019இல் அந்தக் குவியல் கூரையை முட்டியது. ஒரு தண்ணீர்த் தொட்டியின் வரைபடத்துக்கு மட்டும் 2,614 பிரதிகள் இருந்தன. கிளவுடுக்கான மாத பில்லைப் பார்த்த முதலாளி, “அந்தத் தொட்டியைக் கட்டி முடிச்சதும் முதல்ல உங்க எல்லாரையும் அதுக்குள்ள முக்கி எடுக்கணும்” என்றார். பொறுப்பு காப்பாளரின் தலையில் விழுந்தது.

அவர் பதினோரு நாட்கள் யோசித்து ஒரு விதி எழுதினார். மேலே இருக்கும் பிரதியைத் தொடுவதில்லை. அடியில் இருப்பவற்றில் கடைசி ஐந்தையும் தொடுவதில்லை, எத்தனை ஆண்டுகள் ஆனாலும். அந்த ஐந்துக்கும் கீழே கிடப்பது, அதன்மேல் வேறொன்று வந்து உட்கார்ந்து முப்பது நாள் கடந்திருந்தால், போய்விடும். தினமும் ஒரு முறை கணினியே பார்த்துக் களையும்; மனிதக் கை படாது. 2019 நவம்பர் 18 அன்று முதலாளி அதில் கையெழுத்திட்டார். இரண்டு பக்கச் சுற்றறிக்கை மேசை மேசையாகப் போயிற்று. எல்லோரும் கையெழுத்திட்டார்கள், ஒருவரும் படிக்கவில்லை. அவர்களுடைய மனத்தில் நின்றது ‘முப்பது’ என்ற ஒரு சொல். ‘ஐந்து’ யாருடைய காதிலும் ஏறவில்லை.

அதன்பிறகு யார் எந்தக் கோப்பைத் தொலைத்துவிட்டு வந்து நின்றாலும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பழசாகி எத்தனை நாளாச்சு?” என்பதே. பாதிப் பேர் அதற்குள்ளேயே திரும்பிப் போய்விடுவார்கள். எதையும் வைத்துக்கொள்ளாதவர், எதற்கும் இரங்காதவர் என்று பெயர் நிலைத்துவிட்டது. அவர் அதை மறுக்கவுமில்லை. கோபித்துக்கொள்கிறவனுக்குப் பதில் சொல்லலாம், படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவனுக்கு என்ன பதில் சொல்வது என்பது அவருடைய கட்சி.

அந்தத் தண்ணீர்த் தொட்டியின் 2,614 பிரதிகளையும் உண்டாக்கிய கை எது என்பதும் அவருக்குத் தெரியும். தங்கையின் கணவருடைய இடது கை. அவர் வரைவாளர். 2014இல் காப்பாளரின் சிபாரிசில் வேலைக்கு வந்தவர். அதற்கு முன் வேறோர் அலுவலகத்தில், மின்சாரம் போய், சேமிக்காத இரண்டு நாள் வேலையைப் பறிகொடுத்து, அன்றே வெளியே அனுப்பப்பட்டவர். சூடு கண்ட பூனை. அன்றிலிருந்து வலது கை ஒரு கோடு இழுத்தால் இடது கையின் இரண்டு விரல்கள் சேமிப்புப் பொத்தான்களை அழுத்தும். கோடு இழுக்காமல் வெறுமனே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் அழுத்தும். கோப்பில் எதுவுமே மாறாவிட்டாலும் கிளவுடுக்கு அது ஒரு புதிய பிரதிதான்.

“மாப்ளே, கோப்பை நீங்க சேமிக்கிறீங்களா, மாவாட்டுறீங்களா?” என்று ஒருமுறை வீட்டில் வைத்துக் கேட்டார்.

“சேமிக்காம வேலை போனா, உங்க அப்பா வீட்டுக் கரண்டா திருப்பிக் குடுக்கும்?” என்றார் அவர். காப்பாளரை அவர் வீட்டில் ‘அக்கா’ என்பார், அலுவலகத்தில் ‘மேடம்’. இரண்டு இடத்திலும் குரலில் ஒரே புளிப்பு.

புளிப்புக்கு வேர் வீட்டில் இருந்தது. 2016இல் தந்தை இறந்து சரியாக ஒரு மாதத்தில், காப்பாளர் அவருடைய சட்டைகளையும் கண்ணாடியையும் இருபத்தாறு குறிப்பேடுகளில் இருபத்தைந்தையும் வெளியேற்றிவிட்டார். தங்கை பள்ளிக்கூடம் போன காலம் முழுவதும் அந்த ஏடுகளில் இருந்தது. தங்கை எட்டு ஆண்டுகளாக அதைச் சொல்லிக் காட்டாத மாதம் இல்லை.

“கடைசி நோட்டை வச்சிருக்கேன்ல?” என்பார் அக்கா.

“கடைசி நோட்டுல என்ன இருக்கு? கேஸ் சிலிண்டர் வந்த தேதி இருக்கு. என்னைப் பத்தி எழுதினதெல்லாம் எங்கக்கா?”

பேச்சு இங்கே வந்ததும் அக்கா படியேறி மாடிக்குப் போய்விடுவார். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் கீழ்த்தளத்தில் இருந்தது. அந்த மாதிரி நாட்களில் மாடிக் குழாயில் தண்ணீர் வருவது சந்தேகம்.

2024 ஏப்ரல் 22, திங்கட்கிழமை. நகரின் மறுகோடியில், ஒரு துணிக்கடையின் பின்பக்க மாடிப்படி. இரண்டு படிவரிசைகளுக்கு நடுவே உள்ள திருப்பத் தளத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கம்பங்களை எடுத்ததும் தளம் குறுக்கே வெடித்துக் கீழிறங்கியது. கீழே நின்ற கம்பி கட்டும் தொழிலாளி ஒருவருக்குக் கணுக்கால் முறிந்தது. வரைபடம் இந்த அலுவலகத்துடையது; பிற்பகல் மூன்று மணிக்குச் செய்தி வந்தது.

வியாழக்கிழமை விசாரணை. முதலாளியின் அறையில் நீள மேசை, சுவரில் பெரிய திரை. மேசையின் இந்தப் பக்கம் கம்பிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் பெரிய எஞ்சினியர், அந்தப் பக்கம் அதைப் படமாக்கிய வரைவாளர். காப்பாளர் கணினியோடு ஓரத்தில்.

“கணக்குல பன்னெண்டு எம்எம் கம்பி, நூத்தம்பது இடைவெளின்னு எழுதிக் குடுத்தேன் சார்” என்றார் பெரிய எஞ்சினியர். “தாள் இருக்கு, என் கையெழுத்து இருக்கு. இவரு படத்துல பத்து எம்எம், இருநூறுன்னு போட்டிருக்காரு. நம்பிக் கையெழுத்துப் போட்டேன், அது என் தப்பு. பக்கத்துல உக்காந்து விரலைப் பிடிச்சா எழுத வைக்க முடியும்?”

வரைவாளரின் முகம் சிவந்தது. “சார், நான் பன்னெண்டுதான் போட்டேன். மார்ச் அஞ்சாம் தேதி மத்தியானம் மொட்டை மாடிக்குச் சாப்பிடப் போயிட்டுத் திரும்பி வர்றேன், இவரு என் சீட்டுலேருந்து எழுந்து போறாரு. ஏதோ பாத்திருப்பாருன்னு விட்டுட்டேன். வந்ததும் ‘பிரிண்ட் எடுத்து அனுப்பு’ன்னாரு. அனுப்பிட்டேன்.”

“நான் எழுந்து போனதை யார் பாத்தது?”

“நான்தான்.”

“ஓகோ. குற்றவாளியும் நீங்க, சாட்சியும் நீங்க. வக்கீல் மட்டும் வெளியிலேருந்து வரணுமாக்கும்.”

முதலாளி மேசையைத் தட்டினார். “ரெண்டு பேரும் நிறுத்துங்க. மேடம், மார்ச் அஞ்சாம் தேதி காலையில அந்தப் படம் எப்படி இருந்துச்சு? எடுத்துப் போடுங்க. பன்னெண்டு இருந்தா ஒரு பேச்சு, பத்து இருந்தா ஒரு பேச்சு.”

காப்பாளர் கோப்பைத் திறந்தார். மேலே ஒரு பிரதி, அடியில் பத்தொன்பது. ஒவ்வொன்றாகத் திரையில் போட்டார். பத்து எம்எம், இருநூறு. பத்து எம்எம், இருநூறு. இருபது பிரதிகளிலும் அதே கம்பி, அதே இடைவெளி. மிகப் பழையது மார்ச் 5, பிற்பகல் 1:39. அதற்கு முந்தையது ஒன்றுகூட இல்லை.

“அவ்வளவுதானா?” என்றார் முதலாளி.

“அவ்வளவுதான் சார்.”

“அதுக்கு முந்தினது?”

“ரூல்படி போயிடுச்சு.”

பெரிய எஞ்சினியர் சாய்ந்து உட்கார்ந்து சிரித்தார். “பிரமாதம்மா முப்பது! இருபது இருக்கு, வேண்டியது ஒண்ணு இல்ல. தலைமுடியை எண்ணி வச்சுட்டுத் தலையைத் தொலைச்ச மாதிரி.”

வரைவாளர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார். “மேடம், இந்த ரூலு யாருக்காக? இவருக்காகவா? எவ்வளவு நாளா பேசி வச்சீங்க?”

அலுவலகம் முழுக்கக் கேட்டிருக்கும். கதவு மெல்லிய பலகை. காப்பாளர் திரையை அணைத்தார். முதலாளி தீர்ப்பை அப்போதே சொல்லிவிட்டார்: செவ்வாய்க்கிழமைவரை அவகாசம். அதற்குள் எதுவும் வரவில்லை என்றால் வரைவாளர் வீட்டுக்கு. “மேடம், அன்னிலேருந்து நீங்க ரிசப்ஷன்ல உக்காந்து போன் எடுங்க. கிளவுடை வேற யாராவது பாத்துக்கட்டும். உங்க முப்பது நாளை வச்சு ஒரு ஆளோட காலு போச்சு, இன்னொரு ஆளோட பேரு போகப்போகுது.”

காலை முறித்தது கம்பியே தவிர விதி அல்ல என்ற பேச்சு வாய்வரை வந்தது. பதினாறு ஆண்டுக் காப்பாளர் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து ‘யார் வேணும்’ என்று கேட்பதை மனத்தில் ஒருமுறை பார்த்தார். காதில் அந்தப் போன் மணி அடித்தேவிட்டது.

மாலையில் வீட்டுப் படிக்கட்டில் தங்கை வழிமறித்து நின்றாள்.

“என் புருஷன் வேலையையும் குப்பையில போட்டுட்டியா?”

“வழியை விடு.”

“விடறேன். முதல்ல அப்பா நோட்டு, இப்ப அவரு படம். இந்த வீட்டுல இன்னும் எதெல்லாம் பழசுன்னு லிஸ்டு வச்சிருக்க? நானும் முப்பது நாளைக்கு மேல ஆயிட்டேன், பாத்துக்க.”

“நீ பிறந்ததுலேருந்தே மேல இருக்கற பிரதிடி. உன்னை யாரு தொட முடியும்?”

தங்கைக்குப் புரியவில்லை, வசவு என்று மட்டும் புரிந்தது. அன்று மாடிக்குத் தண்ணீர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காப்பாளர் நடமாட்டப் பதிவேட்டைத் திறந்தார். இந்தப் பதிவேடு பிரதிகளிலிருந்து வேறானது. எந்தக் கோப்பை, எவருடைய கடவுச்சொல்லில், எந்த நிமிடத்தில் திறந்தார்கள், சேமித்தார்கள், மூடினார்கள் என்ற வரிகள் மட்டும் அதில் இருக்கும், படம் இருக்காது. அந்த வரிகள் அழியாமல் இருக்க அவர் வைத்த கெடு நானூறு நாள்.

அவருக்கு ஒரு கேள்வி உறுத்திக்கொண்டிருந்தது. மார்ச் 5இல் பிரிண்ட் அனுப்பியபின் அந்தக் கோப்பில் யாருக்கும் வேலை இல்லை என்றால், வரைவாளரின் கடைசிப் பிரதிகள் அந்த ஐந்துக்குள் அல்லவா இருந்திருக்க வேண்டும்? ஐந்துக்குள் இருப்பது முப்பது நாள் அல்ல, முப்பது ஆண்டு ஆனாலும் போகாது. விதி பிசகாது. பின் எது பிசகியது?

விடை ஏப்ரல் 22இல் இருந்தது. பிற்பகல் 3:20க்கு, தளம் வெடித்த செய்தி வந்த இருபதாவது நிமிடத்தில், வரைவாளரின் இருக்கையிலிருந்து கோப்பு திறக்கப்பட்டிருந்தது. 3:21 சேமிப்பு. 3:22 சேமிப்பு, சேமிப்பு. 3:46இல் மூடும்வரை பத்தொன்பது சேமிப்புகள். ஒரு கோடும் மாறவில்லை. மனிதர் பயந்துபோய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். இடது கை தன் வேலையைச் செய்திருக்கிறது. வெற்றுப் பிரதிகள் பத்தொன்பதும் மேலே ஏறி உட்கார, அவர் சொன்ன பன்னிரண்டு எம்எம் கம்பியோடு பாதுகாப்பாய்ப் படுத்திருந்த பழைய பிரதிகள் ஐந்துக்கும் கீழே தள்ளப்பட்டன. அவை பழையதாகி நாற்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது. மறுநாள் கணினி வந்து களைந்துவிட்டது. திங்கட்கிழமை அவர் கோப்பைத் திறக்காமல் இருந்திருந்தால் வியாழக்கிழமை எல்லாம் திரையில் தெரிந்திருக்கும்.

காப்பாளர் பத்தொன்பதையும் இன்னொரு முறை எண்ணினார். பிறகு வரிகளை அச்செடுத்தார்.

சனிக்கிழமை காலை அதே படிக்கட்டு. தாளை நீட்டினார். வரைவாளர் படித்தார், முதலில் புரியவில்லை, இரண்டாம் முறை படித்ததும் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“பாக்கத்தானேக்கா செஞ்சேன்.”

“பாக்கறதுக்குக் கண்ணு போதும். கை எதுக்கு?”

“எனக்குத் தெரியாதே.”

“தெரியாதா? ரெண்டாம் பக்கம், மூணாவது வரி. ‘தேவையில்லாமல் சேமித்தால் பழைய பிரதிகள் ஐந்துக்கு வெளியே தள்ளப்படும்.’ அதுக்குக் கீழதான் உங்க கையெழுத்து இருக்கு. மாப்ளே, அந்தச் சுற்றறிக்கையில நான் உங்களை நெனச்சு எழுதின ஒரே வரி அது.”

தங்கை உள்ளிருந்து வந்தாள். கணவனின் கையிலிருந்த தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுக்கு எண்கள் புரியாவிட்டாலும் முகங்கள் புரிந்தன.

“அக்கா, இதைக் காட்டிராத” என்றாள், இந்த முறை குரல் இறங்கி. “சாட்சியை அழிக்கத்தான் சேவ் பண்ணினான்னு சொல்லுவாங்க.”

“கேட்டா காட்டுவேன்.”

“கேக்காட்டி?”

“கேக்காட்டியும் காட்டுவேன். என் ரூலு தப்பு பண்ணலை. அதுமேல ஏறின பழியை நான் சுமக்க முடியாது.”

“பழி! நீ பெத்த பிள்ளை மாதிரி பேசற, அந்த ரூலை.”

“ஆமா. அது மட்டும்தான் சொன்ன பேச்சைக் கேக்குது.”

வரைவாளர் நிமிர்ந்து பார்த்தார். “நான் போறது உங்களுக்கு சந்தோஷம்தானே? பத்து வருஷமா காத்திருந்தீங்க.”

“சந்தோஷமா இருந்திருக்கும், நீங்க தப்பு பண்ணியிருந்தா” என்றார் காப்பாளர். “பண்ணலைங்கறதுதான் எரிச்சல்.”

ஞாயிற்றுக்கிழமை அவர் அலுவலகச் சாவியை வாங்கிக்கொண்டு போனார். எவரையும் காப்பாற்றுவது அவர் நோக்கமல்ல. பத்தொன்பது என்ற எண் திட்டமிட்ட அழிப்பு அல்ல, அந்த மனிதரின் அன்றாடம் என்று நிறுவினால் விதியும் பிழைக்கும், விசாரணையும் நேராக நடக்கும் என்பதே அவருடைய கணக்கு. எனவே நானூறு நாள் பதிவேட்டிலிருந்து வரைவாளரின் கடவுச்சொல்லில் நடந்த அத்தனை அமர்வுகளையும் உருவி எடுத்து, அரை மணி நேரத்துக்கு எத்தனை சேமிப்பு என்று பட்டியலிட்டார். இருபத்தெட்டு. முப்பத்தொன்று. பதினேழு. நாற்பது. காய்ச்சலோடு வந்த நாளில்கூடப் பதினொன்று. பிப்ரவரி முடியும்வரை அதற்குக் குறைந்து ஒன்றுமில்லை. பட்டியல் மார்ச் மாதத்துக்கு வந்தது. மார்ச் 5க்கு வந்தது.

அந்த வரியில் அவருடைய விரல் நின்றது. தவறாக உருவிவிட்டோமோ என்று மூலப் பதிவேட்டை மீண்டும் பார்த்தார். தவறு இல்லை. பட்டியலை அந்த வரிக்கு முன்பாக இரண்டாக மடித்து உறையில் போட்டார்.

செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் 30, காலை பத்தரை. அதே நீள மேசை.

காப்பாளர் முதலில் பத்தொன்பதைத் திரையில் போட்டார். வரைவாளர் தலையைக் குனிந்துகொண்டார். பெரிய எஞ்சினியர் எழுந்தேவிட்டார்.

“பாத்தீங்களா சார்! நுணலும் தன் வாயால் கெடும். செய்தி வந்த இருபது நிமிஷத்துல பத்தொன்பது தடவை! அழிக்கறதுக்குன்னே உக்காந்திருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்? கூடப் பிறந்தவ புருஷன்னு பாக்காம அம்மாவே கொண்டுவந்து போட்டிருக்காங்க. கை எடுத்துக் கும்பிடணும்.”

“ஒரு நிமிஷம் சார்” என்றார் காப்பாளர். “பத்தொன்பது ரொம்ப அதிகமா?”

“அதிகமாவா? ஒரு படத்தைத் திறந்து வேலையைப் பாத்து முடிச்சா ஒரு தடவை சேவ் பண்ணணும். மூடணும். வேலை தெரிஞ்சவன் அப்படித்தான் செய்வான்.”

“நீங்க அப்படித்தான் செய்வீங்களா?”

“முப்பது வருஷமா அப்படித்தான். இவனை மாதிரி கொசு அடிக்கற வேலை நமக்கு வராது.”

காப்பாளர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார், நேரத்தோடு. பிறகு பட்டியலைத் திரையில் போட்டார். நானூறு நாட்கள். அரை மணி நேரத்துக்கு இருபத்தெட்டு, முப்பத்தொன்று, பதினேழு, நாற்பது. மார்ச்சுக்கு முன்வரை மிகக் குறைந்தது பதினொன்று, காய்ச்சல் நாள். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“இது இவரோட கை சார்” என்றார் காப்பாளர். “இந்தக் கை பாத்தாலும் சேவ் பண்ணும், தும்மினாலும் சேவ் பண்ணும். பத்தொன்பதுங்கறது இவருக்குச் சராசரிக்கும் கீழ. இப்ப மார்ச் அஞ்சு. பன்னெண்டே முக்கால்லேருந்து ஒண்ணு எட்டு வரைக்கும் இதே கோப்புல இருபத்திரண்டு சேவ். அப்புறம் ஒண்ணு பன்னெண்டுலேருந்து ஒண்ணு முப்பத்தொன்பது வரைக்கும், இதே சீட்டு, இதே பாஸ்வேர்டு. இருபத்தேழு நிமிஷம். இன்னிக்கு மிஞ்சியிருக்கிற முதல் பத்து எம்எம் பிரதி அப்ப சேவ் ஆனதுதான். சேவ் எத்தனைன்னு பாருங்க.”

அடுத்த வரியைக் காட்டினார். திரையில் தெரிந்தது: 1.

வரைவாளர் தலையை நிமிர்த்தித் தன்னுடைய இடது கையையே ஏதோ வேற்று ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“வேலை தெரிஞ்சவன் கை” என்றார் காப்பாளர்.

“ஒரு நம்பரை வச்சு...” என்று தொடங்கிய பெரிய எஞ்சினியர் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அங்கே பிடிமானம் இல்லை. குரல் உடைந்து மேலே ஏறியது. “ஆமா சார், நான்தான் மாத்தினேன்! மாத்தச் சொன்னது யாரு? ‘கம்பி அதிகமா போடுறீங்க, கட்டடம் கட்டுற பார்ட்டி கத்துறான், எங்கெல்லாம் குறைக்கலாமோ குறைங்க’ன்னு பிப்ரவரி மீட்டிங்குல கத்தினது யாரு? இப்ப எல்லாரும் நல்லவங்க, நான் ஒருத்தன் மட்டும் கெட்டவனா?”

“திருப்பத் தளத்துல குறைன்னு சொன்னேனா? கணக்கை மாத்தாம படத்தை மட்டும் மாத்துன்னு சொன்னேனா? அடுத்தவன் சீட்டுல உக்காந்து செய்யின்னு சொன்னேனா?” முதலாளி கத்தினார். பெரிய எஞ்சினியரும் கத்தினார். எதிரெதிரே இரண்டு விரல்கள் நீண்டன. வரைவாளரும் எழுந்து, ஆறு நாளாய் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துக் கொட்டினார்: “வக்கீல் வெளியிலேருந்து வரணுமான்னு கேட்டீங்களே, வந்துருச்சா?” காப்பாளர் கணினியை மூடி, அதன் வயரைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, அந்தச் சந்தையை விட்டு வெளியே வந்தார். வெளியே பத்தொன்பது பேர் அவசரமாகத் தங்கள் திரைகளைப் பார்த்தார்கள்.

மே 3 முதல் பெரிய எஞ்சினியரின் இருக்கை காலி. துணிக்கடைக்குப் போன கடிதத்தில் பிழை அலுவலகத்துடையது என்று எழுதப்பட்டது. யாருடையது என்று எழுதப்படவில்லை. கணுக்கால் முறிந்தவரைப் பார்க்க முதலாளி ஒருமுறை போய் வந்தார்.

முதலாளி காப்பாளரைக் கூப்பிட்டனுப்பினார். நன்றி சொல்வதற்கு அல்ல.

“இனிமே இந்த மாதிரி ரூலு போடும்போது என்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.”

“கேட்டேன் சார். 2019 நவம்பர் 18. பச்சை மையில கையெழுத்துப் போட்டிருக்கீங்க.”

“படிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?”

“படிக்கத் தெரிஞ்சவங்களுக்கா சார்?”

முதலாளி பற்களைக் கடித்துக்கொண்டு, முப்பதை அறுபதாக்கச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றார் காப்பாளர். முதலாளி எழுதிக் கொடுக்கவில்லை. விதி அப்படியே நின்றது; ரிசப்ஷன் பேச்சும் மறுபடி எழவில்லை.

வீட்டிலும் பூமாரி பொழியவில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்ட வரைவாளர் ஒதுங்கி வழிவிட்டார். பத்தாண்டுகளில் அது முதல் முறை. வழிவிட்டுவிட்டு, “அந்தப் பத்தொன்பதை மட்டும் காட்டாம இருந்திருக்கலாம், எல்லார் முன்னாடியும்” என்றார்.

“பத்தொன்பது இல்லாம அந்த ஒண்ணுக்கு என்ன மதிப்பு?” என்று கேட்டுவிட்டுப் படியேறினார் காப்பாளர்.

கீழிருந்து தங்கையின் குரல் வந்தது. “வேலை தப்பிச்சதுன்னு எல்லாம் சரியாயிடுச்சுன்னு நெனைக்காத. அப்பா நோட்டு விஷயம் அப்படியேதான் இருக்கு.”

“தெரியும்.”

“தெரிஞ்சா சரி.”

காப்பாளர் கதவைச் சாத்தினார். அலமாரியின் மேல்தட்டில் அந்தக் கடைசிக் குறிப்பேடு இருந்தது. எடுத்தார். சிலிண்டர் வந்த தேதிகள். பால்காரர் வராத நாட்கள். மோட்டார் பழுதான நாள். நடுவில் ஓரிடத்தில், ‘சின்னவளுக்குக் காய்ச்சல், பெரியவள் லீவு போட்டாள்’ என்று ஒரு வரி. தங்கை இதைப் படித்ததே இல்லை போலிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கீழே கொண்டுபோய்க் கதவிடுக்கில் செருகலாமா என்று ஒரு கணம் நினைத்தார். தாளைக் கிழித்தால் ஏடு குலையும். ஏட்டையே கீழே கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார், கதவைத் தட்டாமல். அன்று குழாயில் தண்ணீர் வந்தது. எப்போதும் வரும் நேரத்தைவிட முக்கால் மணி தாமதமாக.

மே 6, திங்கட்கிழமை. மாடிப்படியின் திருத்திய வரைபடம் வரைவாளரிடமே கொடுக்கப்பட்டது. திருப்பத் தளம், பன்னிரண்டு எம்எம் கம்பி, நூற்றைம்பது இடைவெளி. சுற்றறிக்கையின் புதிய நகல் ஒன்று, மூன்றாவது வரி சிவப்பில் அடிக்கோடிடப்பட்டு, அவருடைய மேசையில் காலையிலேயே வைக்கப்பட்டிருந்தது. அதில் அவர் மீண்டும் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மாலை ஐந்தரை மணிக்குக் காப்பாளர் பதிவேட்டைத் திறந்து அந்தக் கோப்பின் அன்றைய சேமிப்புகளை எண்ணினார்.

438.